அரசியல் தலைவர்கள் வாய் தவறிப் பேசுவதைக் காட்டுவதில் ஊடகங்கள் பாரபட்சம் பார்க்கின்றனவா?

பார்க்காமல் என்ன? எங்கள் ஊர் டீக்கடையில் ரிமோட் யார் கையில் இருக்கிறது என்று தெரிந்தால் போதும், அன்றைக்கு எந்தத் தலைவர் உளறியிருப்பார் என்று நானே சொல்லிவிடுவேன்.

1993இல் சன், 1999இல் ஜெயா, 2007இல் கலைஞர் என்று கட்சிச் சாயலோடு வந்த சேனல்களைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். ஸ்டாலின் ‘மதில் மேல் பூனை’யைப் ‘பூனை மேல் மதில்’ ஆக்கியதை ஒரு தரப்பு ஓட்டித் தேய்த்தது. எடப்பாடி பழனிசாமி கம்பராமாயணத்தைச் சேக்கிழாருக்குக் கொடுத்ததை இன்னொரு தரப்பு. (கம்பர் பிறந்த ஊரான தேரழுந்தூர்க்காரர்களுக்கு இது கொஞ்சம் கூடுதலாகவே உறைத்திருக்கும்.) சரி, இரண்டிலும் யாருக்கும் ஒரு மூட்டை நெல் நட்டமில்லை.

என் எரிச்சல் வேறு. ஒரு தேர்தல் சமயம், திருத்துறைப்பூண்டிப் பக்கம் கூட்டம். “மேட்டூரிலிருந்து பன்னிரண்டாயிரம் டிஎம்சி திறக்க வைப்பேன்” என்றார் வேட்பாளர். விநாடிக்கு இத்தனை கன அடி என்று சொல்ல வந்தவர்; டிஎம்சி என்றால் நூறு கோடி கன அடி. மேட்டூர் அணை நிரம்பினாலே 93.47 டிஎம்சிதான், பன்னிரண்டாயிரம் கன அடியை ஒரு நாள் முழுக்கத் திறந்தால் ஒரு டிஎம்சி சொச்சம் போகும். கூட்டமே சிரித்தது, நானும்தான். எதிர்த்தரப்பு சேனல் அந்தப் பத்து விநாடியை வடிவேலு வசனம் சேர்த்து ராத்திரி வரை ஓட்டியது. அவர் கட்சிச் சேனலோ அதை வெட்டுகிறேன் என்று பாசனம் பற்றிய பேச்சையே மொத்தமாக வெட்டிவிட்டது. எந்தெந்த வாய்க்கால் தூர்வாரவில்லை, கடைமடைக்கு ஏன் தண்ணீர் ஏறவில்லை என்று அவர் பெயர் சொல்லிப் பேசியது இரண்டிலுமே வரவில்லை.

மறுநாள் எதிர் வேட்பாளர், “ஆண்டுக்கு 192 டிஎம்சி நம் உரிமை” என்று கணீரென்று முழங்கினார். அது கர்நாடகம் தர வேண்டிய தண்ணீர் என்று 2007இல் காவிரி நடுவர் மன்றம் சொன்ன கணக்கு. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை 177.25 ஆகக் குறைத்துவிட்டது. 14.75 டிஎம்சி போன கதையே அவருக்குத் தெரியவில்லை. ஆனால் நாக்கு குழறவில்லையே, அதனால் எந்தச் சேனலும் கண்டுகொள்ளவில்லை.

நானும் ஒன்றும் யோக்கியன் இல்லை. அந்தப் பத்து விநாடி வீடியோவைச் சித்தப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். கடைமடையில் மூன்று மா (சுமார் ஒரு ஏக்கர்) நிலம், அந்த வருஷம் குறுவை போட முடியாதவர். போன் செய்தார். “சிரிச்சேன்டா தம்பி. அப்புறம் வாய்க்கா பத்தி என்ன சொன்னாரு?”

அந்தத் துண்டு எங்கே தேடியும் கிடைக்கவில்லை.