கேம்பர் வேனுக்கு எந்த அலாரம்?

கேள்வி: தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். பழைய வேன் ஒன்றில் படுக்கையும் கேஸ் அடுப்பும் பொருத்தியிருக்கிறோம். பள்ளி விடுமுறையில் பேரப்பிள்ளைகளுடன் கேமரன் மலைக்குச் சென்று அதிலேயே தங்க எண்ணம். கேஸ் கசிவு அலாரம் ஏற்கெனவே இருக்கிறது. கார்பன் மோனாக்சைடுக்குத் தனி அலாரம் வேண்டும் என்கிறான் மகன். அவசியம்தானா? எதை வாங்குவது?
— வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: தங்கள் மகன் சொல்வது முற்றிலும் சரி, ஐயா. கசிவு அலாரம் கண்டறிவது எரியாத கேஸை மட்டுமே. கார்பன் மோனாக்சைடோ, எரியும் அடுப்புக்குப் போதிய காற்று கிடைக்காதபோது உண்டாவது. நிறமும் வாடையும் இல்லாத இந்த வாயு, ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலாக இறுகப் பற்றிக்கொள்வதால், உறங்குபவர் கண் விழிக்காமலேயே உயிரிழக்கக்கூடும். மலைக்குளிருக்காகச் சன்னல்களை மூடிவிட்டு அடுப்பை எரியவிட்டுக் குளிர்காய்வதை எந்த அலாரமும் பாதுகாப்பானதாக ஆக்கிவிடாது; அதை அறவே செய்யாதீர்கள். ஜெனரேட்டர் புகையும் இதே நஞ்சுதான்.

வாங்கும்போது பெட்டியில் 'இஎன் 50291-2' என்ற ஐரோப்பியத் தரக் குறியீடு உள்ளதா என்று பாருங்கள். 1 என்று முடிவது வீடுகளுக்கானது. 2 என்று முடிவதே ஓடும் வண்டியின் அதிர்வையும் தாங்குமா என்று சோதிக்கப்பட்டது. வீட்டு அலாரத்தை வேனில் மாட்டிவிட்டு நிம்மதியாக உறங்குபவர்களை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. அளவை எண்ணில் காட்டும் திரையுள்ளதையே நான் பரிந்துரைப்பேன். ஏனெனில், காற்றில் பத்து லட்சத்தில் 300 பங்கு இருந்தால் 3 நிமிடத்திற்குள் ஒலிக்க வேண்டிய அலாரம், 50 பங்கே இருந்தால் 60 நிமிடம் கழிந்த பிறகுதான் ஒலிக்கும். திரையோ அதற்கு முன்பே காட்டிக்கொடுக்கும்.

அதைக் கசிவு அலாரத்தின் பக்கத்தில் பொருத்தாதீர்கள். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானதால் தரையில் தங்கும். கார்பன் மோனாக்சைடு ஏறக்குறையக் காற்றின் எடையே உள்ளதால் எங்கும் கலந்துவிடும். ஆகவே, படுத்திருப்பவர்களின் தலைமட்டத்தில், அடுப்பிலிருந்து 1 முதல் 3 மீட்டர் தள்ளி, திரைச்சீலை மறைக்காத இடமாகப் பாருங்கள்.

சோதனைப் பொத்தானை அழுத்தினால் ஒலிப்பது பேட்டரியும் ஒலிப்பானும் வேலை செய்வதையே காட்டும். உள்ளிருக்கும் உணரி நன்றாக இருப்பதற்கு அது சான்றாகாது. உணரிக்கு ஆயுள் உண்டு. பின்புறம் அச்சிட்டிருக்கும் தேதி கடந்துவிட்டால் மாற்றிவிடுங்கள். நம் ஊர் வெயிலில் பூட்டிக் கிடக்கும் வேன் எவ்வளவு கொதிக்கும் என்பது தங்களுக்குத் தெரியும்; அலாரம் தாங்கும் வெப்ப அளவையும் வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

அலாரம் ஒலித்தால், முதலில் பிள்ளைகளை வெளியே இறக்கிவிட்டு, கதவுகளைத் திறந்துபோட்டு, அடுப்பை அணையுங்கள். யாருக்கேனும் தலைவலியோ குமட்டலோ மயக்கமோ இருந்தால் உடனே 999-ஐ அழையுங்கள்.