என்னைக் கூப்பிடாமலே ஜிஎஸ்டி உத்தரவு போடலாமா?

கேள்வி: ஈரோட்டில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். 2021-22ஆம் ஆண்டில் நான் எடுத்த உள்ளீட்டு வரி வரவு (சரக்கு வாங்கும்போது கட்டிய வரிக்கான கழிவு) சப்ளையர்கள் காட்டிய கணக்கோடு ஒத்துப்போகவில்லை என்று, வரி மட்டும் 3,84,000 ரூபாய், வட்டி அபராதம் சேர்த்து 6.8 லட்சம் கட்டச் சொல்லி 29.12.2025 அன்று உத்தரவு போட்டிருக்கிறார்கள். பிப்ரவரி கடைசியில் அலுவலகத்திலிருந்து போன் வந்த பிறகுதான் விஷயமே தெரியும். ஒரு தபால்கூட வரவில்லை, விசாரணைக்கும் கூப்பிடவில்லை. இந்த உத்தரவு செல்லுமா? தெரிந்தவர் ஒருவர், 60,000 கொடுத்தால் உள்ளே பேசி முடித்துத் தருகிறேன் என்கிறார்.

பதில்: முதலில் அந்த 60,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். ஜிஎஸ்டி போர்ட்டலில் ஏறிவிட்ட உத்தரவை, போட்ட அதிகாரியே நினைத்தாலும் அழிக்க முடியாது. பதிவேட்டைப் பார்த்தாலே தெரிகிற பிழையை ஜிஎஸ்டி சட்டத்தின் 161ஆம் பிரிவில் திருத்தலாம், அவ்வளவுதான் அவர் கையில் இருக்கிறது. 'உள்ளே பேசுகிறேன்' என்பவர் பணத்தை வாங்கிக்கொண்டு, மேல்முறையீடு செய்ய உங்களுக்கு இருக்கும் மூன்று மாதத்தை ஓட்டிவிடுவார். அந்த மூன்று மாதம்தான் உங்களிடம் இருக்கும் ஒரே சொத்து.

இனி கேள்விக்கு வருவோம். கூப்பிடாமல் போடக் கூடாது. நீங்கள் எழுதிக் கேட்டாலும், உங்களுக்குப் பாதகமாக முடிவெடுக்கப் போகிறார்கள் என்றாலும் விசாரணைக்கு வாய்ப்புத் தர வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 75(4) பிரிவு. பாதகமான முடிவு என்றால் நீங்கள் கேட்கவே தேவையில்லை. பதில் படிவமான டிஆர்சி-06-இல் 'நேரடி விசாரணை வேண்டாம்' என்று டிக் அடித்திருந்தாலும் அந்த உரிமை போகாது என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

ஆனால் 'கூப்பிடவில்லை' என்பதும் 'கூப்பிட்டது எனக்குத் தெரியாது' என்பதும் வேறு வேறு. பெரும்பாலான வழக்குகள் இங்கேதான் சறுக்குகின்றன. போர்ட்டலில் யூசர் சர்வீசஸ் பகுதிக்குள் போய், நோட்டீஸ் தனியாகக் குவிந்து கிடக்கும் 'வியூ அடிஷனல் நோட்டீசஸ் அண்ட் ஆர்டர்ஸ்' பக்கத்தைத் திறங்கள். செப்டம்பர் மாத டிஆர்சி-01 (விளக்கம் கேட்கும் நோட்டீஸ்), அதன் பிறகு வந்த நினைவூட்டல்கள், விசாரணைக் கடிதம் எல்லாவற்றையும் இறக்குங்கள். டிஆர்சி-07 என்பது உத்தரவின் வெறும் சுருக்கம். காரணங்கள் எழுதிய முழு உத்தரவு இணைப்பாகத் தனியே இருக்கும், பலர் அதைத் திறப்பதே இல்லை. டிஆர்சி-01-இல் விசாரணைத் தேதி, நேரம், இடம் என்று கட்டங்கள் உண்டு. அவை காலியாகவோ 'பொருந்தாது' என்றோ இருந்து, பிறகும் விசாரணைக் கடிதம் எதுவும் வரவில்லை என்றால் உங்கள் வாதம் பலமானது. பதில் தரக் கடைசி நாளுக்கு முன்பே விசாரணை நாள் போட்டிருந்தாலும் சாதகம்தான். நோட்டீஸில் சொன்ன தொகையையும் உத்தரவில் உள்ள தொகையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நோட்டீஸில் இல்லாத காரணத்துக்கோ, அதில் கேட்டதைவிடக் கூடுதலாகவோ உத்தரவு போட 75(7) விடாது.

மூன்று தேதி குறித்துக் கடிதம் ஏற்றியிருக்கிறார்கள், நீங்கள்தான் பார்க்கவில்லை என்றால்? நோட்டீஸைச் சேர்ப்பிக்க 169ஆம் பிரிவு, நேரில் தருவது, பதிவுத் தபால், மின்னஞ்சல், போர்ட்டலில் ஏற்றுவது எனப் பல வழிகளைச் சொல்லி, ஏதேனும் ஒன்று போதும் என்கிறது. ஆகவே போர்ட்டலில் ஏற்றியதே சட்டப்படி சார்பு செய்ததுதான் என்று துறை வாதாடும். அதை ஏற்ற தீர்ப்பும் உண்டு. இன்னொரு பக்கம், போர்ட்டலில் ஏற்றிய நோட்டீஸுக்குப் பதிலே வராதபோது அதிகாரி சும்மா இருக்காமல் பதிவுத் தபால் போன்ற வேறு வழியையும் முயன்றிருக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் பல உத்தரவுகளில் சொல்லியிருக்கிறது. அப்படிச் சொன்னபோதும் உத்தரவைச் சும்மா ரத்து செய்துவிடுவதில்லை. வரியில் 10 சதவீதம், சில நேரம் 25 சதவீதம் கட்டு, இத்தனை வாரத்துக்குள் பதில் கொடு என்று நிபந்தனை போட்டு அதே அதிகாரியிடம் திருப்பி அனுப்புவதுதான் வழக்கம். வென்றாலும் மறுபடி விசாரணைதான், வரி தள்ளுபடியாகாது. அதுவும் காலம் கடந்து போனால், உயர் நீதிமன்றத்தில் நேரடியாகப் போடும் ரிட் மனு நிற்பதே கஷ்டம். மேல்முறையீட்டுக் கெடுவைத் தவறவிட்டுவிட்டு ரிட்டில் வந்தவரை உச்ச நீதிமன்றம் 2020இல், கிளாக்ஸோ ஸ்மித்கிளைன் வழக்கில், ஏற்கவில்லை.

அதனால் உங்களுக்கு மேல்முறையீடுதான் முதல் வழி. 107ஆம் பிரிவில் மூன்று மாதம் அவகாசம். தக்க காரணம் காட்டினால் இன்னும் ஒரு மாதம், அதற்கு மேல் ஒரு நாள்கூட மன்னிக்க மேல்முறையீட்டு அதிகாரிக்கு அதிகாரம் இல்லை. எனக்குத் தெரிந்த நாளிலிருந்து எண்ணலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். உத்தரவு போர்ட்டலில் ஏறிய நாளிலிருந்தே எண்ணி, மார்ச் மூன்றாம் வாரத்துக்குள் ஏபிஎல்-01 படிவத்தைத் தாக்கல் செய்துவிடுங்கள். ஒப்புக்கொள்ளும் தொகை இருந்தால் அதை முழுக்கக் கட்ட வேண்டும், மறுக்கும் வரியில் 10 சதவீதம். வட்டிக்கும் அபராதத்துக்கும் இந்த 10 சதவீதம் கிடையாது. முழு வரியையும் மறுத்தால் 38,400 ரூபாய் போதும். அதைக் கட்டியதும் மீதி வசூல் தானாக நிற்கும், வங்கிக் கணக்கை முடக்க முடியாது.

விசாரணை தரவில்லை என்ற குறையின் உண்மையான பயன் மேல்முறையீட்டில்தான் தெரியும். கீழே காட்டாத ஆவணங்களை மேல்முறையீட்டில் புதிதாகக் காட்ட 112ஆம் விதி பொதுவாக விடாது. ஆனால் போதிய வாய்ப்புத் தராமல் உத்தரவு போட்டிருந்தால் காட்டலாம். மனுவின் முதல் காரணமாக இதை எழுதுங்கள். அதோடு நின்றுவிடாதீர்கள், ஏனென்றால் மேல்முறையீட்டு அதிகாரியால் கோப்பைத் திருப்பி அனுப்ப முடியாது, அவரே முடிவு சொல்ல வேண்டும். பில், சரக்கு வந்ததற்கான இ-வே பில், சப்ளையருக்குப் பணம் போன வங்கிக் கணக்கு விவரம் எல்லாவற்றையும் சப்ளையர் வாரியாக அடுக்குங்கள். 2021 டிசம்பர் வரையிலான வித்தியாசத்துக்கு, அந்த ஆண்டில் ஒரு சப்ளையரிடம் வித்தியாசம் 5 லட்சம் வரை என்றால் சப்ளையரின் சான்றும், தாண்டினால் சிஏ சான்றும் தரலாம் என்று மத்திய மறைமுக வரி வாரியத்தின் 193ஆம் எண் சுற்றறிக்கை சொல்கிறது. 2022 ஜனவரி முதல் மார்ச் வரையிலான வித்தியாசத்துக்கு இந்தச் சலுகை இல்லை, அதைத் தனியாகப் பிரித்துக் காட்டுங்கள்.

மேல்முறையீட்டு விசாரணைக்கு நீங்களே போகலாம். எழுத்து வாதத்தை இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போய் ஒன்றில் முத்திரையும் கையெழுத்தும் வாங்குங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். ஒத்திவைப்பு மூன்று முறைக்கு மேல் கிடையாது. சில ஆலோசகர்கள் ஒரு வரி பதில்கூடத் தராமல் மூன்றையும் 'டைம் வேண்டும்' என்று கேட்டே தீர்த்துவிடுவார்கள்.

ஒரு நிதியாண்டுக்கு உத்தரவு போட மூன்று வருடம் இருந்தும், கெடு முடிகிற கடைசி வாரத்தில் உத்தரவுகளை அள்ளிக் கொட்டுகிறது துறை. வணிகருக்கு மட்டும் 30 நாளில் பதில். இதைக் கேட்பாரில்லை.

இதெல்லாம் உங்களுக்குத் தெரியாமல் போனதற்குப் பெரும்பாலும் காரணம், பதிவில் இருக்கும் மொபைல் எண்ணும் மின்னஞ்சலும் கணக்கு எழுதுபவருடையது என்பதுதான். ரெஜிஸ்ட்ரேஷன் பகுதியில் 'நான்-கோர்' (முக்கியமல்லாத விவரங்களுக்கான) திருத்தம் வழியாக இரண்டையும் உங்களுடையதாக மாற்றுங்கள், இதற்கு அதிகாரியின் ஒப்புதல் வேண்டாம். லாகின் ஐடியே அவர் தர மறுக்கிறார் என்றால், அடையாளச் சான்றோடு உங்கள் வட்ட அலுவலகத்துக்குப் போங்கள். புது எண்ணைப் பதிந்து கடவுச்சொல்லை மாற்றித் தரும் வசதி அங்கேயே உண்டு, அதற்குக் கட்டணம் கிடையாது.