கோடை மழை பெய்த மறுநாளே மட்டக்களப்பில் ஏன் மீண்டும் கொளுத்துகிறது?

"கிழக்கு மாகாணத்தில் சில இடங்களில் பிற்பகல் 2 மணிக்குப் பின் இடியுடன் கூடிய மழை பெய்யக்கூடும்" என்று வானிலை அறிக்கை சொல்லும். இது வெப்பச்சலன மழை: சூடான தரைக்கு மேலுள்ள ஈரக்காற்று மேலெழுந்து, குளிர்ந்து, இடிமுகிலாகிக் கொட்டுவது.

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று தன் ஈரத்தை மலைநாட்டின் மேற்குச் சரிவிலேயே இறக்கிவிட்டு, காய்ந்து சூடேறி நம் பக்கம் வருகிறது. அதுதான் நாமறிந்த கச்சான் காற்று. துவைத்துப் போட்ட சாரம் சற்று நேரத்தில் மொடமொடவென்று காய்ந்துவிடும். பிற்பகலில் ஈரமான கடற்காற்று உள்ளே வந்து கச்சானோடு மோதும் இடத்தில் முகில் எழும்புகிறது. அந்த இடம் நாளுக்கு நாள் மாறும். அம்பாறை நகரில் மழை கொட்ட, கல்முனையில் தூறல்கூட இராது.

கொதிக்கும் தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் ஆவி எழும்பி ஒரு கணம் சூடு தணியும். கீழே அடுப்பு எரிந்துகொண்டேதான் இருக்கிறது. கச்சான் ஓயும்வரை அந்த அடுப்பு அணையாது.

தலைக்கு மேல் மழை இல்லையென்றால் மின்னல் ஆபத்தில்லை என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு. மழை பெய்யும் இடத்துக்கு வெளியேயும் மின்னல் விழும். இடி கேட்டதுமே வயலையும் வாவியையும் விட்டு வீட்டுக்குள் போய்விடுங்கள்.