லீவை ‘ப்ரொலோங்’ பண்ணலாமா?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அம்மாவின் கண் சத்திரசிகிச்சைக்காக எடுத்த லீவை இன்னும் ஒரு கிழமைக்கு நீட்டக் கேட்டு, ‘ப்ரொலோங் மை லீவ்’ என்று அலுவலகத்துக்குக் கடிதம் கொடுத்தாராம். மேலாளர் அதை வெட்டி ‘எக்ஸ்டென்ட்’ என்று திருத்தியிருக்கிறார். இரண்டும் ஒன்று என்றுதானே டியூஷனில் சொன்னார்கள், எது சரி என்று கேட்கிறார்.

மேலாளர் சொன்னதுதான் சரி, சகோதரி. நீங்கள் எழுதியதில் இலக்கணப் பிழை இல்லை. ஆனால் லீவு, விசா, குத்தகை, கடைசித் திகதி என்று ஒருவர் அனுமதித்து நாள் குறித்துத் தருவதை நீட்ட எக்ஸ்டென்ட்தான் வழக்கம். நோய், வேதனை, யுத்தம், பேச்சுவார்த்தை இழுபட வைத்தால் ப்ரொலோங். முடியவேண்டியது முடியவில்லையே என்ற சலிப்பு அதில் அநேகமாக ஒட்டியிருக்கும். உங்கள் லீவுக்கு அந்த வாடை வேண்டாம்.

ஓர் இடத்தில் மட்டும் கவனமாக இருங்கள். டொரன்டோவிலிருந்து வந்த மாமி ஆடிவேல் பார்த்துவிட்டுப் போகலாம் என்று கூடுதலாகப் பத்து நாள் நின்றால், அவர் தன் ‘ஸ்டே’யை ப்ரொலோங் செய்கிறார். ஸ்டேக்கு எக்ஸ்டென்ட் என்றாலும் சரிதான். ஆனால் அதே பத்து நாளுக்காக விசாவை நீட்டக் கேட்டால் அது எக்ஸ்டென்ட் மட்டுமே. தங்குவது மாமியின் விருப்பம், விசாவோ குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் கையில். திணைக்களமே விசா எக்ஸ்டென்ஷன் என்றுதான் சொல்கிறது. படிவம் நிரப்பித் தருகிறோம், கடிதம் எழுதித் தருகிறோம் என்று காசு வாங்குபவர்கள் கூலியை நியாயப்படுத்தவே பெரிய சொல்லாகப் பார்த்துப் போடுவார்கள். அவர்களிடம் போகாதீர்கள்.

இதைவிடப் பெரிய பிழை ஒன்று தினமும் என் மேசைக்கு வருகிறது: ‘த மீட்டிங் ப்ரொலோங்ட்’. தமிழில் கூட்டம் நீண்டது என்போம், கூட்டத்தை நீட்டினார்கள் என்றும் சொல்வோம். ப்ரொலோங் நீட்டுவது மட்டும்தான், நீள்வது அல்ல. எதை நீட்டினார்கள் என்று கட்டாயம் வரவேண்டும். இல்லாவிட்டால் ‘வோஸ் ப்ரொலோங்ட்’.

‘ப்ரொலோங், எக்ஸ்டென்ட், லெங்தன் எல்லாம் ஒன்று’ என்று சாதாரண தரப் பிள்ளைகளைப் பாடமாக்க வைப்பவர்கள் இதைச் சொல்லித் தருவதே இல்லை. வெளிநாடு போகிறவர்கள் எழுதும் ஐ.ஈ.எல்.டி.எஸ். ஆங்கிலப் பரீட்சைக்கான வகுப்புகளோ, அதன் உச்சப் புள்ளியைக் காட்டி ‘ஒன்பது பேண்ட் சொற்கள்’ என்று பட்டியல் விற்கின்றன. அந்தப் பரீட்சையின் எழுத்துப் பகுதியில் சொல்வளம் நான்கு அளவுகோல்களில் ஒன்றுதான், அதிலும் சொல் இடத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்க்கிறார்கள். 1987இல் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது, ஆங்கிலம் இணைப்பு மொழி. இருந்தும் கொழும்பில் தாயைப் பார்க்க ஒரு கிழமை லீவு கேட்கக்கூட ஆங்கிலத்தில் தடுமாறவேண்டியிருக்கிறது. எனக்கு இது ஆறவே இல்லை.

சரி, கடிதத்துக்கு வருவோம். ‘ஐ வுட் லைக் டு எக்ஸ்டென்ட் மை லீவ் அன்டில்’ என்று எழுதி, நீட்டிய லீவு முடியும் திகதியைப் போடுங்கள். அடுத்த வரியில் அம்மாவின் சிகிச்சை என்று காரணம் சொல்லிக் கையொப்பம் வைத்துவிடுங்கள்.