எண்ணத் தெரிந்த கிழவன்

அன்புள்ள ஐயா,

டோல்கீனின் ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ நாவலில் வரும் பெலென்னோர் போர் பற்றி நண்பர்களுக்குள் ஓயாத விவாதம். துணைக்கு வரும் ரோஹன் நாட்டின் 6000 குதிரைவீரர்கள் ஒரு நாள் தாமதமாக வந்திருந்தால்? அவர்கள் மன்னர் தியோடென் சாகாமல் இருந்திருந்தால்? அவர் தங்கை மகள் ஏயோவின் களத்துக்கே வராமல் இருந்திருந்தால்? முற்றுகையில் சிக்கிய மினாஸ் திரித் நகரம் பிழைத்திருக்குமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஒரு நாள் எதற்கு? ஒரு மணிநேரமே போதும். கோட்டைக் கதவு உடைந்து, எதிரிப் படையை நடத்தும் நாஸ்கூல் தலைவன் உள்ளே நுழைந்து, எதிரே மந்திரவாதி காண்டால்ஃப் மட்டும் நிற்கிறபோதுதான் சேவல் கூவுகிறது, ரோஹனின் கொம்புகள் கேட்கின்றன. தியோடென், ஏயோவின் விவகாரத்தை உங்கள் நண்பர்களே பேசித் தீர்த்துக்கொள்ளட்டும்.

இரண்டு வாரமாக நான் அந்தப் போருக்கு முந்தைய அத்தியாயத்திலேயே கிடக்கிறேன். அதனால்தான் உங்கள் கடிதம் சுட்டது. அரசனைக் கேட்டீர்கள், அவன் தங்கை மகளைக் கேட்டீர்கள். கான்-புரி-கான் வழிகாட்டாமல் இருந்திருந்தால் என்று ஏன் கேட்கவில்லை? 2003இல் வந்த படத்தில் அவன் இல்லை. படத்தைப் பார்த்துவிட்டா நாவலைப் பற்றி விவாதிக்கிறீர்கள்?

நெடுஞ்சாலையை எதிரி மறித்துவிட்டான். ரோஹன் படை காட்டில் திகைத்து நிற்கிறது. மறந்துபோன பழைய வண்டிப்பாதை ஒன்றைக் காட்ட அந்தக் காட்டு மக்களின் தலைவன், குள்ளமான கிழவன் கான்-புரி-கான், வருகிறான். எதிரிகளே எண்ணிக்கையில் அதிகம் என்கிறான். உனக்கெப்படித் தெரியும் என்று ஏயோவினின் அண்ணன் ஏயோமெர் கேட்டதும் கிழவனின் குரல் கடுக்கிறது. நாங்கள் குழந்தைகள் அல்ல என்கிறான். வானத்து மீன்களையும் மரத்து இலைகளையும் எண்ணுகிறவன் அவன். இருபது இருபதுகள், அது பதினைந்து முறை: இதுதான் உங்கள் படை என்கிறான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நீங்கள் எழுதிய அதே 6000.

பத்தொன்பது வயதில் நானும் போரைப் பார்க்கும் அவசரத்தில் அந்தப் பக்கங்களைத் தள்ளிவிட்டுப் போனவன்தான். பல வருடம் கழித்து அதே நூலகப் பிரதியை எடுத்தபோது, அந்த வரியின் ஓரத்தில் யாரோ பென்சிலால் 20 × 20 × 15 என்று பெருக்கி, விடைக்குக் கீழே இரண்டு கோடு இழுத்திருந்தார்கள். எனக்கு முன்பே ஒருவர் அங்கே நின்று அந்தக் கிழவனை நம்பி எண்ணிப் பார்த்திருக்கிறார். நான் வெட்கத்தோடு அங்கேயே உட்கார்ந்து அத்தியாயத்தை முதலிலிருந்து வாசித்தேன்.

அவன் கேட்ட கூலி என்ன தெரியுமா? இனி எங்களை மிருகங்களைப்போல வேட்டையாடாதீர்கள் என்பது. அப்படியென்றால் அதுவரை வேட்டையாடியிருக்கிறார்கள்! வேட்டையாடப்பட்டவன் வந்து வழிகாட்டுகிறான். தியோடென் சரியென்று வாக்குக் கொடுக்கிறான், மறுநாள் இறந்துபோகிறான். போர் முடிந்த பிறகு மினாஸ் திரித்தில் அரசனாக முடிசூடிய அரகோர்ன் அந்தக் காட்டை அம்மக்களுக்கே கொடுத்து, அவர்கள் அனுமதியின்றி யாரும் நுழையக் கூடாது என்று அறிவிக்கிறான்.

அந்த அத்தியாயத்தை வாசித்துவிட்டு உங்கள் கேள்விப் பட்டியலைத் திருத்தி அனுப்புங்கள். நிச்சயம் பதில் எழுதுவேன்.

அன்புடன்.