தலைவரா, தலைவியா?

கேள்வி: என் அண்ணி எங்கள் ஊராட்சி மன்றத்தின் தலைவர். கோயில் குடமுழுக்கு அழைப்பிதழில் அவரைத் ‘தலைவி’ என்றுதான் போட வேண்டும், ‘தலைவர்’ ஆண்களுக்கு உரிய சொல் என்கிறார்கள் விழாக் குழுவினர். எது சரி?

பதில்: ‘தலைவர்’ என்றே அச்சிடச் சொல்லுங்கள். ஆண்பாலுக்குத் தலைவன், பெண்பாலுக்குத் தலைவி. ‘அர்’ விகுதி பெற்ற தலைவரோ பலர்பால் வடிவில் ஒருவரை மதித்துச் சொல்லும் பொதுச்சொல். ஒளவையாருக்கும் காரைக்கால் அம்மையாருக்கும் ‘ஆர்’ சேர்த்தவர்கள் அவர்களை ஆண்களாக்கிவிடவில்லை. ஜெயலலிதா 1991-இல் முதன்முறை பதவியேற்றபோதும் முதலமைச்சர்தான். கட்சியினர் சூட்டிய பட்டம் மட்டுமே, எம்.ஜி.ஆரின் ‘புரட்சித் தலைவர்’ என்பதை ஒட்டிப் ‘புரட்சித் தலைவி’ ஆயிற்று. உங்கள் அண்ணி வகிப்பது பதவி, பட்டமன்று.

ஆனால், சொல் பொதுவாக இருப்பதாலேயே வழக்கும் பொதுவாக இருந்துவிடாது. சோழர் காலத்தில் ஊர்ச்சபைக்குக் குடவோலை முறையில் ஆள் தேர்ந்தெடுத்ததைச் சொல்லும் உத்தரமேரூர்க் கல்வெட்டுகளில், ஏரியைக் கவனித்த குழுவினரைக் குறிக்கும் ‘ஏரி வாரியப் பெருமக்கள்’ என்ற தொடரில் ஆண்பால் விகுதி எதுவும் இல்லை. எனினும் நிலமும் வேதக் கல்வியும் தகுதியாகக் கேட்ட அந்தக் குடவோலைக்குள் பெண் பெயர் விழ வழியில்லை. ‘நாட்டாண்மை’யில் உள்ள ஆண்மையும் ஆளும் தன்மையைத்தான் குறிக்கிறது, கேட்டவுடன் நம் கண்முன் வருவதென்னவோ முறுக்கு மீசைதான்!

விழாக் குழுவினரின் தயக்கத்துக்கு இலக்கணம் காரணமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஊராட்சிகளில் பாதி இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்கும் சட்டத் திருத்தம் தமிழ்நாட்டில் 2016-இல் வந்தது. ஆனாலும் பல ஊர்களில் கையெழுத்திடுபவர் ‘தலைவரம்மா’வாகவும், அவருடைய கணவர் டீக்கடை முதல் வட்டார வளர்ச்சி அலுவலகம் வரை ‘தலைவர்’ ஆகவும் உலா வருகிறார்கள். ‘தலைவி’ என்று அச்சிட்டால் ‘தலைவர்’ என்ற சொல் ஆளில்லாமல் நிற்கும். அதை எடுத்துக்கொள்ள வீட்டிலேயே ஒருவர் இருக்கிறார்.

ஆகவே ‘ஊராட்சி மன்றத் தலைவர்’ என்று முதலில் போட்டு, அதன் கீழே ‘திருமதி’யோடு அண்ணியின் பெயரை மட்டும் போடுங்கள். உங்கள் அண்ணன் பெயரும் வேண்டுமென்றால், நன்கொடையாளர் வரிசையில் மற்றவர்களோடு, எந்த அடைமொழியும் இல்லாமல் வரட்டும். அச்சகத்திலிருந்து வரும் மெய்ப்பை அண்ணியே ஒருமுறை படித்துவிடுவது நல்லது.