ஆர்கேட் மானிட்டரில் சிவப்பு மட்டும் மறைவது: முதலில் நெக் போர்டைப் பாருங்கள்

உங்கள் ஆர்கேட் (காசு போட்டு ஆடும் வீடியோ கேம் பெட்டி) மானிட்டரில் சிவப்பு மறைந்துவிட்டது, டீகாஸ் செய்தும் பயனில்லை என்று கேட்டிருந்தீர்கள். வெள்ளை எழுத்துகள் நீலப்பச்சையாகத் தெரிவதும், பெட்டியைத் தட்டினால் கணநேரம் நிறம் சரியாவதும், பிக்சர் டியூப் பழுதைவிட, நெக் போர்டில் (டியூபின் கழுத்தில் செருகியிருக்கும் சிறு சர்க்யூட் போர்டு) சிவப்புக்கான பாதையில் ஒரு சால்டர் இணைப்பு விரிசல் கண்டிருப்பதையே பெரிதும் காட்டுகின்றன. நீங்கள் செய்துபார்த்த டீகாஸ் (டியூபில் ஏறிய காந்தத்தன்மையை நீக்குவது) இதற்கு உதவாது; அது திட்டுத்திட்டான நிறக்கறைக்கான மருந்து.

போர்டைக் கழற்றுமுன், மின்சாரத்தை நிறுத்திவிட்டு, மானிட்டருக்குள் வரும் சிவப்பு, நீல சிக்னல் ஒயர்களை இடம் மாற்றிப் பாருங்கள். சிவப்பு திரும்பி நீலம் மறைந்தால் குறை கேம் போர்டிலோ ஒயரிங்கிலோ இருக்கிறது. அப்போதும் சிவப்பே வராவிட்டால் குறை மானிட்டருக்குள்தான்.

அப்படியானால், டியூப் சாக்கெட், இணைப்பு ஊசிகள், சூடாகும் அவுட்புட் டிரான்சிஸ்டர்களின் கால்கள் ஆகியவற்றை உருப்பெருக்கியால் பாருங்கள். ஊசியைச் சுற்றி மெல்லிய கருவளையம் தெரிந்தால் அதுவே விரிசல்; பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாகச் சால்டர் செய்யுங்கள். மேலே தடவி ஒப்பேற்றினால் அது விரைவில் மறுபடியும் விடும். அதன் பிறகும் சிவப்பு வராவிட்டால், சிவப்பு டிரான்சிஸ்டரை நீலத்துடன் மாற்றிப் போட்டு, பழுதும் உடன் இடம்பெயர்கிறதா என்று சோதிக்கலாம்.

டியூபின் உயர் மின்னழுத்த முனையான ஆனோடில் ஏறத்தாழ 20,000 வோல்ட் இருக்கும். அணைத்த பின்னும் மின்னூட்டம் தங்கும். அதை முறையாக வெளியேற்ற (டிஸ்சார்ஜ் செய்ய) தெரியாவிட்டால் இந்த வேலையைத் தெரிந்தவரிடம் விடுங்கள். நெக் போர்டை நேராகப் பின்னோக்கியே இழுக்க வேண்டும். சாய்த்தால் கண்ணாடிக் கழுத்து முறிந்து டியூபே வீணாகிவிடும்.